மிதிக்காத பிரேக்

ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் பக்கம் மாரிசெல்வி ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை போட்டு ஆறு வருஷம் ஆகிறது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மதுரையில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தவள். கணவர் ராணுவத்தில், அஸ்ஸாம் பக்கம். பொம்பளை வயர் பார்க்கிறாளா என்று ஆரம்பத்தில் சிரித்தவர்களே இப்போது மற்ற கடைகளில் கைவிட்ட வண்டிகளைக் கொண்டுவந்து அவள் வாசலில் நிறுத்தினார்கள். எந்தக் கோளாறுக்கும் ஒரு காரணம் உண்டு, பொறுமையாகத் தேடினால் அது அகப்படும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் பாண்டிச்செல்வம் தன்னுடைய வெள்ளைக் காரைக் கொண்டுவந்தார். ஐம்பத்திரண்டு வயது. ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் ஆறு மணி ஷிப்டுக்கு வந்து, இரண்டு மணிக்கு வேலை முடிந்து திரும்புகிறவர். சட்டையை உள்ளே விட்டு, நெற்றியில் திருநீறு கலையாமல், பார்த்தாலே மரியாதை கொடுக்கத் தோன்றும் மனிதர்.

"என்ன அண்ணாச்சி கம்ப்ளைண்ட்?"

"பிரேக் லைட்டு தானா எரியுதும்மா. நான் பெடல்ல காலே வைக்கல. நேத்து பின்னாடி வந்த பஸ்காரன் பக்கத்துல வந்து திட்டிட்டுப் போறான், எதுக்குய்யா சும்மா சும்மா பிரேக்கடிக்கன்னு."

மாரிசெல்வி சிரித்தாள். வாரத்துக்கு இரண்டு வண்டியாவது இந்தக் குறையோடு வரும். பிரேக் பெடலுக்கு மேலே ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. பெடல் மேலே நிற்கும்போது ஒரு ரப்பர் பொத்தான் அந்த ஸ்விட்சை அமுக்கிப் பிடித்திருக்கும். மிதித்தால் பிடி விட்டு விளக்கு எரியும். ரப்பர் நாள்பட்டு உதிர ஆரம்பித்தால், மிதிக்காமலே எரியும்.

அவள் காருக்குள் மல்லாந்து படுத்து ஸ்டியரிங்குக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். ரப்பரில் ஒரு கீறல் இருந்தது. புதிதாக ஒன்றை மாட்டினாள். பெடலைப் பத்துத் தடவை மிதித்து, அவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொன்னாள். மிதித்தால் எரிந்தது, விட்டால் அணைந்தது.

கிளம்புகிற நேரத்தில் பாண்டிச்செல்வம் கேட்டார்.

"ஏம்மா, அந்த லைட்டே இல்லாம ஓட்டுனா என்ன? வயரைக் கழத்தி விட்டுட்டா?"

"பின்னாடி வாரவன் வந்து மோதிச் சாவான் அண்ணாச்சி. அதை மட்டும் நான் செய்ய மாட்டேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை அதே நேரத்துக்கு மறுபடியும் கார் வந்து நின்றது.

"இன்னும் எரியுதா?"

"எரியுது."

"எப்ப எரியுது? வண்டி சூடானதும் எரியுதா, குலுங்கும்போது எரியுதா?"

பாண்டிச்செல்வம் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "கண்மாய் வளைவுல எரியுது."

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது சாலை ஒரு கண்மாய்க் கரையை ஒட்டி வளையும். மாரிசெல்விக்கும் தெரிந்த இடம்தான்.

"அங்க மட்டுமா?"

"அங்க மட்டுந்தான். போகும்போதும் எரியுது, வரும்போதும் எரியுது. ரெண்டு நாளா கண்ணாடியில பாத்துக்கிட்டேதான் ஓட்டுதேன், பின்னாடி செவப்பு விழுது."

அது அவளுக்குப் பிடித்தமான தகவலாக இருந்தது. குறிப்பிட்ட இடத்தில் வருகிற கோளாறு என்றால் அங்கே ஏதோ ஒரு பள்ளம், ஒரு சாய்வு. அதில் வண்டி அசையும்போது எங்கேயோ வயர் உரசுகிறது.

"பள்ளம் கெடக்கா அங்க?"

"இல்லம்மா. இப்பத்தான் புதுசாத் தார் போட்டிருக்காக. பாய் விரிச்ச மாதிரி இருக்கு."

அன்று அவள் ஒன்றரை மணி நேரம் செலவழித்தாள். டிக்கியைத் திறந்து மூடும்போது வயர் மடங்குகிற இடத்தைப் பிரித்துப் பார்த்தாள். டெயில் லாம்ப்புக்குள் தண்ணீர் இறங்கிய தடம் இருக்கிறதா என்று தேடினாள். எர்த் கம்பியைச் சுரண்டிச் சுத்தமாக்கி இறுக்கினாள். பிரேக் ஸ்விட்சையே புதிதாக மாற்றினாள். காரை ஆட்டினாள், வயரை இழுத்தாள், உதறினாள், தட்டினாள். விளக்கு எரியவில்லை. முன்பக்கம் வந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. வலது ஹெட்லைட்டின் கண்ணாடி மஞ்சளாகிப் பழசாக இருந்தது. இடது பக்கம் மட்டும் புத்தம் புதிது.

"இதை எப்ப மாத்துனீய அண்ணாச்சி?"

"அது... மாடு முட்டிருச்சு. மதுரையில மாத்துனேன்."

சனிக்கிழமை அவர் மூன்றாம் தடவையாக வந்தார். முகம் சவரம் செய்யப்படாமல் இருந்தது. காரை விட்டு இறங்காமலே பேசினார்.

"நேத்தும் எரிஞ்சது செல்வி. இன்னைக்குக் காலையிலயும் எரிஞ்சது. வயரைக் கழத்தி விட்டுரு தாயி. அபராதம் போட்டா நான் கட்டிக்கிடுதேன்."

"செத்த நேரம் இருங்க. நானே வந்து பாக்கேன்."

கடையைப் பூட்டிவிட்டு, பையில் மீட்டரையும் டெஸ்ட் லாம்ப்பையும் போட்டுக்கொண்டு, தன் ஸ்கூட்டரில் அவர் காருக்குப் பின்னாலேயே கிளம்பினாள். மணி மூன்றரை. வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. மேற்கே மலையின் உச்சியில் மட்டும் மேகம் உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் மாறி மாறி வந்தன. முன்னால் போகிற கார் பஸ் ஸ்டாப்பில் வேகம் குறைத்தபோது பின்விளக்கு எரிந்து அணைந்தது. ஒரு ஆட்டுக் கூட்டத்துக்காக நின்றபோது எரிந்து, ஆடுகள் கடந்ததும் அணைந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

கண்மாய் வளைவு வந்தது. கரையோரம் ஒரு பூவரச மரம். அதன் அடியில் சாக்கை விரித்து ஒரு அம்மாள் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தாள். கார் மரத்தை நெருங்கியதும் இரண்டு ஓரத்திலும் பின் கண்ணாடிக்கு மேலேயுமாக மூன்று பிரேக் விளக்குகளும் ஒன்றாக எரிந்தன.

மாரிசெல்வியின் கை தானாகவே தன் பிரேக்கைப் பிடித்தது. ஆனால் முன்னால் போகும் காரின் வேகம் கொஞ்சமும் குறையவில்லை. எர்த் கோளாறாக இருந்தால் விளக்கு மங்கலாக எரியும், துடிக்கும். இது அப்படி இல்லை. யாரோ பெடலை அடிவரைக்கும் மிதித்து, மிதித்த காலை எடுக்காமல் வைத்திருப்பது போல அழுத்தமான சிவப்பு. ஆறு வரைக்கும் எண்ணினாள். வளைவு முடிந்ததும் அணைந்தது.

கொஞ்சம் தள்ளி ஒரு தோப்பு வாசலில் கார் நின்றது.

"பாத்தியா?" என்றார் பாண்டிச்செல்வம். அவருக்கு உதடு காய்ந்திருந்தது. "சாமி சத்தியமா நான் மிதிக்கல."

"தெரியுது அண்ணாச்சி. வண்டி வேகம் குறையலையே."

அவள் குனிந்து பிரேக் ஸ்விட்சில் செருகியிருந்த வயரைப் பிடுங்கினாள். பெடலை மிதித்துப் பார்த்தாள். பின்னால் விளக்கு எரியவில்லை.

"இப்ப நீங்க நின்னு மிதிச்சாலும் எரியாது. நான் அந்தக் கொய்யாக் கடைக்கிட்ட நிக்கேன். நீங்க திருப்பிக்கிட்டு அந்தப் பக்கமாப் போயிட்டு வாங்க."

"கடைக்கிட்ட எதுக்கு நிக்கணும்?"

"அங்கதானே எரியுது."

அவர் மரத்தடியை ஒரு தடவை பார்த்துவிட்டுக் காரைத் திருப்பினார்.

மாரிசெல்வி நடந்து மரத்தடிக்குப் போனாள். அந்த அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். பழத்தை அடுக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த வெள்ளைக் காரைத்தானே தாயி பாக்க? நீ அவிய வீட்டுப் பிள்ளையா?"

"இல்லம்மா. நான் வயர் ரிப்பேர் பாக்குறவ. அந்தக் காரை உங்களுக்குத் தெரியுமா?"

"ஆளு யாருன்னு தெரியாது. வண்டியைத் தெரியும்." அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. "நல்ல வண்டி."

அந்த நேரத்தில் கார் வந்தது. மரத்தை நெருங்கியது. மூன்று விளக்கும் எரிந்தன. ஸ்விட்சில் வயரே இல்லாத காரில், பளிச்சென்று எரிந்தன. மாரிசெல்விக்கு முழங்கைக்கு மேலே மயிர் சிலிர்த்தது. அம்மாள் இரண்டு கையையும் நெஞ்சருகே கூப்பி, காருக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

"எதுக்கும்மா கும்பிடுதீய?"

"எம் பேரு பாலம்மாள் தாயி. வீட்டுக்காரர் பேரு சோலைச்சாமி. போன மார்கழியில, விடியக்காலம் அஞ்சரை மணிக்கு, சைக்கிளை உருட்டிக்கிட்டு தோப்புக்குத் தண்ணி பாய்ச்சப் போனாக. ஒரே பனி. இந்தா, இந்த எடத்துலதான் ஏதோ ஒரு வண்டி அடிச்சுட்டு நிக்காமப் போயிருச்சு. எந்த வண்டின்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. போலீஸ்காரவுக கேமராவெல்லாம் பாத்துட்டு, பனியில ஒண்ணும் தெரியலன்னுட்டாக."

மாரிசெல்வி ரோட்டில் அந்த இடத்தைப் பார்த்தாள்.

"மாசி மாசத்துல இருந்து இங்கன வந்து உக்காந்துக்கிட்டு இருக்கேன். எம்புட்டு வண்டி போகுது வருது. அம்புட்டுப் பேரும் பறக்கான். இந்த ஒரு வெள்ளைக் காருதான், அவிய விழுந்த எடத்துக்கு வந்ததும் செவப்பு லைட்டைப் போட்டுட்டுப் போகும். ஒருநா தப்பாது. யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்னு தெனமும் கும்பிட்டுக்கிடுவேன்."

மாரிசெல்விக்கு அந்தப் புது ஹெட்லைட் ஞாபகம் வந்தது. வந்த நினைப்பை உடனே தள்ளினாள். நாடு முழுக்க ஹெட்லைட் உடைகிறது. மாடும் முட்டத்தான் செய்கிறது. முதலில் வண்டியை முழுசாகப் பார்த்து முடிக்க வேண்டும்.

தோப்பு வாசலுக்குப் போய்க் காரை நிறுத்தச் சொல்லி, பானட்டைத் திறந்து பிரேக் லைட்டின் ஃபியூசைப் பிடுங்கினாள். இனி அந்த விளக்குக்குக் கரண்ட் போக வழியே கிடையாது. ஃபியூசைத் தன் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை அண்ணாச்சி."

"வேண்டாம் செல்வி. எனக்கு என்னமோ மாதிரி வருது."

"ஒரே தடவை."

மரத்தடியில் நின்று பார்த்தாள். கார் வந்தது. எரிந்தது. உள்ளங்கைக்குள் ஃபியூசின் இரண்டு கால்களும் அவள் சதையில் அழுந்தி வலித்தன. ஆறு எண்ணுவதற்குள் கார் வளைவைக் கடந்தது. மலையின் நிழல் கண்மாயைத் தாண்டி ரோட்டுக்கு ஏறியிருந்தது. மணி நாலரைதான். பாலம்மாள் மறுபடி கும்பிட்டாள்.

ஓடிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ராஜபாளையத்துக்குப் போய், இந்த வண்டியை இனி என் கடைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று போனில் சொல்லிவிடலாம். ஆனால் அவளுக்கு ஒரு பழக்கம் கையிலேயே ஊறியிருந்தது. கோளாறு அகப்படாவிட்டால் ஒவ்வொரு பொருளாக மாற்றிப் பார்க்க வேண்டும். எதை மாற்றியதும் கோளாறு போகிறதோ, அதுதான் கெட்டுப்போன பொருள். ரப்பரை மாற்றியாயிற்று. ஸ்விட்சை மாற்றியாயிற்று. வயர், எர்த், ஃபியூஸ் எல்லாம் பார்த்தாயிற்று. இன்னும் மாற்றாதது ஒன்றுதான் இருந்தது.

ஃபியூசையும் ஸ்விட்ச் வயரையும் முன்போல மாட்டினாள்.

"அண்ணாச்சி, நீங்க இறங்குங்க. நான் ஓட்டுதேன். நீங்க போய் அந்த அம்மாகிட்ட நின்னு எரியுதான்னு பாருங்க."

"அங்க நிக்க மாட்டேன்."

"ஏன்?"

"இங்கனயே நிக்கேன். நீ போயிட்டு வா."

அவர் தென்னை மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

மாரிசெல்வி தனியாகக் காரை ஓட்டிப்போய்த் திருப்பி, பூவரச மரத்தைக் கடந்து வந்தாள். மரத்தைத் தாண்டியதும் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

"எரிஞ்சுதாம்மா?"

"இல்லையே தாயி. இப்ப எரியலையே." பாலம்மாள் குழப்பத்தோடு காரையும் அவளையும் பார்த்தாள். "என்ன செஞ்ச? லைட்டைக் கெடுத்துட்டியா?"

இன்னொரு தடவை ஓட்டினாள். அப்போதும் எரியவில்லை. திரும்பித் தோப்பு வாசலுக்கு வந்து காரை விட்டு இறங்கினாள்.

"என் ஸ்கூட்டரை நீங்க ஓட்டிக்கிட்டு முன்னாடி போங்க அண்ணாச்சி. நான் கார்ல பின்னாடி வாரேன். வளைவு வரும்போது ரெண்டு கை விரலையும் நல்லா விரிச்சு வச்சுக்கோங்க. பிரேக்குல ஒரு விரல்கூடப் படக்கூடாது."

"ஸ்கூட்டரை எதுக்கு?"

"ஓட்டுங்க அண்ணாச்சி."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் மறுக்கவில்லை. இருவரும் ஒரு கிலோமீட்டர் வடக்கே போய், வளைவை நோக்கித் திரும்பி வந்தார்கள். அவர் மெதுவாகத்தான் ஓட்டினார். வளைவு தொடங்கும் முன்னாலேயே விரல்களை விரித்துவிட்டார். பத்து விரலும் கைப்பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது பின்னால் வரும் மாரிசெல்விக்கு நன்றாகத் தெரிந்தது.

பூவரச மரம் வந்தது. அவளுடைய ஸ்கூட்டரின், அவளே மூன்று வருஷமாகப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கும் ஸ்கூட்டரின் பின்விளக்கு, ரத்தச் சிவப்பில் எரிந்தது.

மரத்தடியில் பாலம்மாள் கும்பிடவில்லை. மெல்ல எழுந்து நின்றாள். அவள் ஸ்கூட்டரைப் பார்க்கவில்லை. அதை ஓட்டிப்போகிற மனிதரின் முகத்தைப் பார்த்தாள்.

வளைவைத் தாண்டி நூறு அடியில் பாண்டிச்செல்வம் ஸ்கூட்டரை நிறுத்தினார். மாரிசெல்வி காரை அவர் பின்னால் ஒதுக்கி நிறுத்திவிட்டு இறங்கினாள்.

"இதுலயும் எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது. கோளாறு கார்ல இல்ல அண்ணாச்சி." "அந்த அம்மா வீட்டுக்காரரை அடிச்சது நீங்கதானா?"

அவர் திரும்பி ரோட்டைப் பார்த்தார். பாலம்மாள் மரத்தடியிலிருந்து அவர்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள். முழங்கால் வலி போல. ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து, மெதுவாக வந்தாள். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு அவளைக் கடந்து போனது.

"கண்ணாடியில பனி படிஞ்சிருந்துச்சு," என்றார் பாண்டிச்செல்வம். அவள் வந்து சேர்வதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும் என்பதுபோல வேகமாகச் சொன்னார். "ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு துணியை எடுத்துத் தொடச்சுக்கிட்டே போனேன். டம்முன்னு ஒரு சத்தம். மாடுன்னு நெனச்சேன். இல்ல செல்வி, மாடா இருக்கணும்னு நெனச்சேன். சைக்கிள் மணிச் சத்தம் கேட்டுச்சே. கால் பிரேக்குக்குப் போகவே இல்ல. ஆக்ஸிலேட்டரை அப்படியே மிதிச்சுக்கிட்டுப் போனேன். கண்ணாடியில பின்னாடி பாத்தேன். பிரேக்கு பிடிச்சிருந்தா பின்னாடி பனியெல்லாம் செவப்பாத் தெரிஞ்சிருக்கும்ல? ஒண்ணுமே தெரியல. ஒரே இருட்டு."

"பொறவு?"

"பொறவு என்ன. மில்லுக்குப் போயிட்டேன். எட்டு மணி நேரம் வேலை பாத்தேன். ரெண்டு மாசம் இந்தப் பக்கம் காரே எடுக்கல, மில் பஸ்ஸுல வந்தேன். மாசியில மறுபடி எடுத்தேன். அன்னைக்கே எரிய ஆரம்பிச்சிருக்கும்போல. எனக்குத்தான் தெரியல. முன்னாடி பாத்து ஓட்டுறவனுக்குப் பின்னாடி எரியுறது எப்படித் தெரியும்?"

பாலம்மாள் வந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. காரை ஒரு தடவையும் ஸ்கூட்டரை ஒரு தடவையும் பார்த்தாள்.

"நீதானா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"அவிய ஏதும் சத்தம் குடுத்தாகளா?"

"தெரியலம்மா. நான் கண்ணாடியை இறக்கல."

"ஏழு மணிக்கு பால்காரன்தான் பாத்திருக்கான். அப்பவும் மூச்சு இருந்துச்சுன்னு சொன்னான். ஒன்றரை மணி நேரம் அந்தப் பனியில கெடந்திருக்காக. ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டு போகையிலதான் உசுரு போச்சு."

பாண்டிச்செல்வம் அப்படியே தார் ரோட்டில் உட்கார்ந்து அவள் காலைத் தொடப் போனார். பாலம்மாள் சட்டென்று பின்னுக்கு நகர்ந்தாள்.

"எந்திரி. நடுரோட்டுல உக்காந்தா வாரவன் அடிச்சுப் போட்டுட்டுப் போயிருவான்."

மாரிசெல்வி அவர் தோளைப் பிடித்துத் தூக்கினாள். அவ்வளவு பெரிய மனிதர் எடையே இல்லாமல் எழுந்து வந்தார்.

"ஸ்டேஷனுக்குப் போவோம் அண்ணாச்சி."

"வீட்டுல ஒரு வார்த்தை..."

"போற வழியில பேசுங்க."

அவர் தலையை ஆட்டினார். பல மாதங்களாகத் தூங்காதவனைப் போய்ப் படுக்கச் சொன்னதுபோல, அந்த முகத்தில் பயத்தோடு வேறு எதுவோ ஒன்றும் இருந்தது.

"நானும் வாரேன்," என்றாள் பாலம்மாள்.

பழக்கூடையின் மேல் சாக்கை இழுத்துப் போட்டு மூடிவிட்டு வந்தாள். ஸ்கூட்டரை மரத்தடியில் பூட்டி நிறுத்தினார்கள். மாரிசெல்வி காரை ஓட்டினாள். பாண்டிச்செல்வம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மனைவியிடம் போனில் மெல்லிய குரலில் பேசினார். அழுகைச் சத்தம் போனைத் தாண்டிக் கேட்டது. பாலம்மாள் பின் சீட்டில் வலது கதவோடு கதவாக ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள தள்ளி நல்லா உக்காருங்கம்மா. கதவு இடிக்கும்."

"இருக்கட்டும் தாயி. எடம் வேணும்ல."

யாருக்கு என்று மாரிசெல்வி கேட்கவில்லை. கண்ணாடியில் பார்த்தாள். சீட்டின் இடது பாதி காலியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்துக் கதவுக் கண்ணாடியில், உட்பக்கமாக, ஆள் முகம் இருக்கும் உயரத்தில் ஒரு கையகலத்துக்கு ஆவி படிந்திருந்தது. ஏ.சி. போடவில்லை. வெளியே புழுக்கம். அந்த வெண்மை கொஞ்சம் சுருங்கியது, திரும்ப விரிந்தது, திரும்பச் சுருங்கியது. அவள் அதற்குப் பிறகு கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சாலையின் நடுக்கோட்டை மட்டும் பார்த்து ஓட்டினாள். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிகிற வரைக்கும் பார்வையை எடுக்கவில்லை.

ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியதும் பாண்டிச்செல்வம் முதலில் இறங்கினார். பாலம்மாள் தன் பக்கம் இறங்கி, காரைச் சுற்றி வந்து, இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். வயதானவர் ஒருவர் இறங்குவதற்கு ஆகும் நேரம் நின்றாள். பிறகு சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.

எழுதி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. பாண்டிச்செல்வம் எதையும் மறைக்கவில்லை. மதுரையில் ஹெட்லைட் மாற்றிய இடம், பம்பரை நெளிவு எடுத்த இடம் எல்லாவற்றையும் அவரே சொன்னார். உங்களுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று எழுத்தர் மாரிசெல்வியைக் கேட்டார்.

"பிரேக் லைட்டு ரிப்பேர் பாக்க வந்தேன் சார்."

"சரியாயிருச்சா?"



பாண்டிச்செல்வம் ரிமாண்ட் ஆகி, மூன்று வாரம் கழித்து ஜாமீனில் வந்தார். மில்லில் வேலை போய்விட்டது. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. காரைச் சோதித்த அதிகாரி பிரேக்கும் விளக்குகளும் ஒழுங்காக வேலை செய்வதாக எழுதிக்கொடுத்தார் என்று கேள்விப்பட்டாள். தன் ஸ்கூட்டரை அவளே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிரித்துப் போட்டுப் பார்த்தாள். அதிலும் ஒரு குறையும் இல்லை.

ஒரு நாள் பாண்டிச்செல்வத்தின் மனைவி வெங்கடேஸ்வரி கடை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"வயரைக் கழத்தி விடச் சொன்னாகல்ல அவிய? கழத்தி விட்டிருந்தா என்ன கெட்டுப்போச்சு உனக்கு? எம் பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம் வச்சிருந்தோம். இப்ப மாப்பிள்ளை வீட்டுல போனே எடுக்க மாட்டேங்காக."

மாரிசெல்வி கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். கழற்றினேன், ஃபியூசையும் பிடுங்கினேன், அப்போதும் எரிந்தது என்று சொல்லலாம். சொன்னால் நம்பப் போவதில்லை. நம்பினாலும் அந்தக் கல்யாணம் நடக்கப் போவதில்லை.

"உள்ள வந்து உக்காருங்க அக்கா. தண்ணி குடிங்க."

அவள் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "ராத்திரி நல்லாத் தூங்குதாக இப்ப," என்று யாரையோ குறை சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள்.

பாலம்மாளை மாரிசெல்வி மறுபடி பார்த்தது ஐப்பசியில், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில். மகள் வத்திராயிருப்புப் பக்கம் வ. புதுப்பட்டியில் இருக்கிறாளாம். அங்கே போய்க் கொண்டிருந்தாள். காலடியில் இரண்டு பைகள் இருந்தன.

"கடை என்னாச்சும்மா?"

"எடுத்துட்டேன் தாயி. நான் என்ன வியாபாரத்துக்கா அங்கன உக்காந்தேன்? ஒரு நாளைக்கு நாலு கிலோ விக்காது." வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். "அவிய ஒத்தையில அங்கன நிக்காகளேன்னு உக்காந்தேன். மத்தியான நேரத்துல சைக்கிள் மணி கேக்கும். திரும்பிப் பாத்தா ஒண்ணும் இருக்காது. அந்த மனுசன் ஸ்டேஷனுக்குப் போனான்ல, அதுக்கு மறுநாளும் போய் உக்காந்தேன். பொழுது சாயிற வரைக்கும் இருந்தேன். கேக்கவே இல்ல."

"அந்தக் கார்க்காரர் மேல உங்களுக்குக் கோவம் இல்லையாம்மா?"

"இல்லாம இருக்குமா? கோர்ட்டுல கூப்பிட்டா போய்ச் சொல்லுவேன். ஒன்றரை மணி நேரம் கெடந்தாகன்னு சொல்லுவேன்." அவள் பஸ் வருகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெனமும் கும்பிட்டேனே அந்தக் காரை, அதை நெனச்சாத்தான் ஒரு மாதிரி இருக்கு. ஆனா கும்பிட்டது தப்புன்னும் தோணல."

வத்திராயிருப்பு பஸ் வந்தது. மாரிசெல்வி ஒரு பையைத் தூக்கிக் கொடுத்தாள். கூட்டத்தில் முண்டி ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்ததும் பாலம்மாள் தலையை வெளியே நீட்டினாள்.

"மக வீட்டுல மோட்டார் சரியா ஓட மாட்டேங்காம். நீ வந்து பாப்பியா?"

"தண்ணி மோட்டாரா? அது நான் பாக்குறதில்லையேம்மா."

"வந்து பாரு தாயி. நீ பாத்தா சரியாயிரும்."

பஸ் கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மாரிசெல்வி கையைக் காட்டினாள்.